வாசலுக்கு வந்து ஃப்ரீயா சுவர் இன்சுலேசன் போட்டுத் தாறம் எண்டுறாங்கள், கையெழுத்து வைக்கலாமோ?

ஈஸ்ட்ஹாம்_சுதா

வணக்கம் எல்லாருக்கும். ஒரு விசயம் கேக்கோணும், தெரிஞ்ச ஆக்கள் இருந்தா தயவுசெய்து சொல்லுங்கோ, வாற கிழமைக்குள்ள ஒரு முடிவு எடுக்க வேண்டிக் கிடக்கு.

நாங்கள் லண்டன் ஈஸ்ட்ஹாமில, வரிசையா ஒட்டிக் கட்டின பழைய டெரஸ் வீடொண்டில இருக்கிறம், 1900களின்ர தொடக்கத்தில கட்டின வீடு. சொந்த வீடுதான், மோட்கேஜ் போய்க்கொண்டிருக்கு. இவருக்கு பெற்றோல் செட்டில இரவு வேலை, நான் பள்ளிக்கூட கன்டீனில பார்ட் டைம், யூனிவர்சல் கிரெடிட் எண்ட அரசாங்க உதவிக்காசும் கொஞ்சம் வருது. அம்மாவும் எங்களோடதான், 74 வயது, ஆஸ்மா. அவவின்ர அறை வீட்டின்ர பின்பக்கம், மூண்டு பக்கமும் வெளிச்சுவர். ஹீட்டர் போட்டிருக்கிற நேரம் சூடா இருக்கும், நிப்பாட்டி அரை மணித்தியாலத்தில சுவர் ஐஸ் மாதிரி. போன கிழமை அலுமாரியை இழுத்துப் பாத்தன், பின்னால சுவர் முழுக்க கறுப்புப் பூஞ்சணம், அம்மாவின்ர சீலைப் பெட்டியின்ர அடியும் நனைஞ்சு போய்க் கிடந்தது. அவ ஒண்டும் சொல்லாமல் சுடுதண்ணிப் போத்திலைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுக்கிறா. ஹீட்டரைப் போடுங்கோ அம்மா எண்டால் "பில் வரும் பிள்ளை" எண்டுதான் மறுமொழி.

செவ்வாய்க்கிழமை ஒரு பெடியன் கழுத்தில காட் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தவன். அரசாங்கத் திட்டம், சுவர் முழுக்க ஃப்ரீயா இன்சுலேசன் (சூடு வெளிய போகாமல் சுவரை மூடுறது), ஒரு சதமும் கட்டத் தேவையில்லை, திட்டம் முடியப்போகுது, இண்டைக்கே டேப்ளட்டில கையெழுத்து வையுங்கோ எண்டு நிண்டான். இவர் வேலைக்குப் போட்டார், கேட்டுச் சொல்லுறன் எண்டு அனுப்பிட்டன். திரும்பவும் வருவன் எண்டவன்.

இது உண்மையான திட்டமோ? ஆராவது செய்விச்சிருக்கிறியளோ? எனக்கு அம்மாவின்ர அறை சூடாகினால் காணும்.

கரவெட்டியான்

சுதா அக்கா, கையெழுத்து வைக்காதேங்கோ. பொறுங்கோ. திட்டம் பொய்யில்லை, ஆனா என்ர கதையை ஒருக்கா வாசிச்சிட்டு முடிவெடுங்கோ.

எங்கட வீட்டுக்கும் 2023ல இப்பிடித்தான் வந்தவங்கள், வெளிச்சுவர் இன்சுலேசன். மூண்டு நாள் வேலை, நாலாம் நாள் வீட்டைப் பாத்தா புது வீடு மாதிரி வெள்ளையா மினுங்கினது, அக்கம் பக்கத்து ஆக்கள் எல்லாம் வந்து கேட்டவை ஆர் செய்தது எண்டு. முதல் குளிர்காலம் உண்மையிலயே சூடா இருந்தது, நான் பொய் சொல்லக்கூடாது. ரெண்டாவது குளிர்காலம்தான் பிரச்சினை துவங்கினது. மேல கூரையும் சுவரும் சேருற இடத்தில அந்த இன்சுலேசன் பலகையை (போட்) சரியா மூடாமல் ஒரு விரல் போற அளவுக்கு இடைவெளி விட்டிட்டுப் போயிருக்கிறாங்கள், மழைத்தண்ணி அதுக்குள்ளால இறங்கி போட்டுக்கும் செங்கல்லுக்கும் நடுவில நிண்டிருக்கு. யன்னலுக்குக் கீழ இருக்கிற கல்லையும் நீட்டாமல் விட்டதால அதிலயும் தண்ணி உள்ளுக்குத்தான் போகுது. எல்லாத்தையும் விடப் பெரிய கொடுமை, கீழ நிலத்தோட சேத்து சுவரில ஓட்டை ஓட்டையா ஒரு கல்லு இருக்குமெல்லோ, பலகை நிலத்துக்கு அடியில காத்துப் போறதுக்கு, அதையும் சேத்து மூடிப்போட்டாங்கள். மகளின்ர அறைக் கார்பெட்டுக்குக் கீழ பலகை ஊறி, கால் வைச்சா அமருது.

செய்த கொம்பனிக்கு ஃபோன் அடிச்சா எடுக்கேல்லை. பிறகு பாத்தா கொம்பனியே மூடியாச்சு. கேரண்டி பேப்பர் ஒண்டு தந்தவங்கள், அதை வைச்சுக்கொண்டுதான் இப்ப ஒவ்வொரு இடமா ஏறி இறங்கிறன்.

நான் ஒருத்தன் மட்டுமில்லை. அரசாங்கச் செலவைக் கணக்குப் பாக்கிற நேஷனல் ஓடிட் ஒபிஸ் 2025 ஒக்டோபரில அறிக்கை விட்டது, இந்தத் திட்டங்களில வெளிச்சுவர் இன்சுலேசன் போட்ட வீடுகளில 98 வீதத்துக்கு திருத்தியே ஆகவேண்டிய பெரிய பிழைகள் இருக்குதாம், 22,000க்கும் 23,000க்கும் இடையில வீடுகள். உள்சுவருக்குப் போட்டதில 29 வீதம். அதைக் கண்டு எனக்கு ஒரு பக்கம் ஆறுதல், மற்றப் பக்கம் வயிறெரிச்சல். 98 வீதம் எண்டால் ஆரோ ஒரு மேசன் பிழை விட்டதெண்டு சொல்லேலாது. முழுப் பாதையுமே பிழை.

மதுரைக்காரன்_லெஸ்டர்

கரவெட்டி அண்ணே, படிக்கவே கஷ்டமா இருக்கு. உங்களுக்குத் தனியா கீழ எழுதுறேன், முதல்ல சுதா அக்காவுக்கு.

நான் நாலு வருஷமா ரெட்ரோஃபிட் அசெஸ்ஸரா வேலை பாக்குறேன், அதாவது வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் அளந்து போட்டோ எடுத்து ரிப்போர்ட் எழுதுற ஆளு. அதனால உள்ள நடக்குறது கொஞ்சம் தெரியும்.

அந்தப் பையன் சொன்னது அனேகமா ஈகோ 4 திட்டம். 2022ல ஆரம்பிச்சது. அரசாங்கம் சட்டம் போட்டு பெரிய கரண்ட் கேஸ் கம்பெனிங்களைச் செய்ய வச்சிருக்கு, மேற்பார்வை ஆஃப்ஜெம், கரண்ட் கேஸ் கம்பெனிங்களைக் கட்டுப்படுத்துற அமைப்பு. கஜானாவில இருந்து வர்ற காசு இல்ல இது, நம்ம எல்லாரோட பில்லுலயும் சேத்து வசூல் பண்ணின காசு, அம்மா பயந்து பயந்து கட்டுற பில்லுலயும் உங்க பங்கு போயிருக்கு. அதனால "ஃப்ரீயா தர்றாங்களே, எப்படிக் குறை சொல்றது"ன்னு கூச்சப்படவே கூடாது, நல்ல வேலையைக் கேட்டு வாங்குற உரிமை உங்களுக்கு இருக்கு.

அவன் ஏன் உங்க தெருவுக்கு வந்தான்னா, இன்ஸ்டாலருக்குக் கிடைக்கிற காசு வீட்டுக்கு வீடு மாறும். வேலைக்கு முன்னாடி வீட்டோட ஈபிசி (எரிசக்திச் சான்றிதழ், நல்லதுக்கு ஏ, மோசத்துக்கு ஜி) புள்ளி என்ன, வேலைக்கு அப்புறம் என்ன, அந்த வித்தியாசத்தை வச்சுத்தான் கணக்கு. பழைய, குளிரான, சாலிட் வால் (நடுவுல இடைவெளி இல்லாத சுவர்) வீடுன்னா வித்தியாசம் பெருசு. வாசல்ல நிக்கிற பையன் பெரும்பாலும் அந்தக் கம்பெனி ஆளே கிடையாது, உங்க பேரு விவரத்தை வாங்கி வேற கம்பெனிக்கு விக்கிற ஏஜென்ட். நீங்க டேப்ளட்ல வைக்கிற கையெழுத்து எங்க போகும்னு அவனுக்கே தெரியாது.

உங்களுக்குத் தகுதி இருக்கு, அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. யூனிவர்சல் கிரெடிட் வாங்குறீங்க, சொந்த வீடு, ஈபிசி டி-க்குக் கீழ இருந்தா போதும், டி-யும் சேத்திதான். இன்னொரு வழியும் இருக்கு, நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இது தெரியல. வீட்டுல யாருக்காவது ஆஸ்மா மாதிரி மூச்சுப் பிரச்சனை, இதய நோய், எதிர்ப்பு சக்தி குறைவு, நடமாட முடியாத நிலை இருந்தா, வருமான வரம்பே பாக்காம கவுன்சில் வழியா இதே திட்டத்துக்குள்ள போகலாம், ஃப்ளெக்ஸ்னு சொல்லுவாங்க. ஜிபி சர்ஜரில, அதாவது உங்க குடும்ப டாக்டர்கிட்ட இருந்து ஒரு கடிதம் வேணும். பெனிஃபிட் எதுவும் வாங்காத ஆளுங்க, வருஷ வருமானம் 31,000 பவுண்டுக்குள்ள இருந்தாலும் ஃப்ளெக்ஸ்ல கேக்கலாம்.

ஆனா 2025 நவம்பர் பட்ஜெட்லயே ஈகோவை முடிச்சிக்கிறோம்னு அறிவிச்சிட்டாங்க. "முடியப்போகுது"ன்னு அந்தப் பையன் சொன்னது பொய் இல்ல, அதை வச்சு உங்களை அவசரப்படுத்துறதுதான் தப்பு. இங்கிலாந்துல 2025 ஏப்ரல்ல இருந்து வார்ம் ஹோம்ஸ் லோக்கல் கிராண்ட்னு ஒண்ணு ஓடுது, இது நேரா அரசாங்கக் காசு, கவுன்சில் மூலமா வருது, குடும்ப வருமானம் 36,000க்குள்ள இருக்கணும் இல்லன்னா பெனிஃபிட் வாங்கணும். அதனால இன்னைக்கு கையெழுத்து வைக்கலன்னா எல்லாம் போச்சுன்னு நினைக்காதீங்க. கவுன்சில் வெப்சைட்டுல எனர்ஜி பக்கத்தைத் தேடி நீங்களே போன் போடுங்க. கவுன்சில் வழியாப் போனாத் தப்பே நடக்காதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா நாளைக்கு கம்பெனி மூடிட்டா போய் நிக்க ஒரு வாசல் இருக்கும்.

இப்ப சுவர். உங்க வீட்டுக்கு வெளிய நின்னு செங்கல்லைப் பாருங்க. எல்லாக் கல்லும் நீளவாக்குல மட்டும் தெரிஞ்சா அது பெரும்பாலும் கேவிட்டி, ரெண்டு சுவருக்கு நடுவுல இடைவெளி இருக்கும். நீளம், கட்டை, நீளம், கட்டைன்னு மாறி மாறி வந்தா சாலிட் வால். வாசல் கதவுகிட்ட டேப் வச்சு அளந்தாலும் தெரியும், பூச்சோட சேத்து 23, 24 சென்டிமீட்டர்னா சாலிட். 1900கள்ல கட்டின லண்டன் டெரஸ்னா அதுவாத்தான் இருக்கும். சாலிட் சுவருக்கு வெளிய போடணும் இல்ல உள்ள போடணும், ரெண்டுமே பெரிய வேலை. "துளை போட்டு பஞ்சை அடிச்சிட்டுப் போயிடுவோம், அரை நாள் வேலை"ன்னு எவனாவது உங்க வீட்டுக்குச் சொன்னா கதவைச் சாத்துங்க.

அடுத்தது பூஞ்சை, தயவு செஞ்சு இதை நிதானமாப் படிங்க. சூடான காத்து நிறைய ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும், அது குளிர்ந்த சுவர்ல பட்டா தண்ணியா மாறும், அந்தத் தண்ணிலதான் பூஞ்சை வளருது. நம்ம வீட்டுல சோறு வடிக்கிறோம், இடியாப்பம் அவிக்கிறோம், துணியை ரேடியேட்டர் மேல காயப்போடுறோம், அந்த ஈரம் முழுக்க வீட்டுக்குள்ளதான் சுத்தும். சுவரை மூடிட்டு காத்துப் போக வழி வைக்கலன்னா ஈரம் அடுத்த குளிர்ந்த இடத்தைத் தேடிப் போகும், அனேகமா ஜன்னலைச் சுத்தி இருக்கிற விளிம்பு. நான் போன வீடுகள்லயே பாத்திருக்கேன், சுவர் காஞ்சு கிடக்கும், ஜன்னல் ஓரம் மட்டும் கறுப்பா ஒரு சட்டம் போட்ட மாதிரி. அதனாலதான் பாஸ் 2035ங்கிற விதிமுறைல, இன்சுலேஷன் போடுற வீட்டுக்குக் காத்தோட்டத்தையும் கணக்குப் பண்ணியே ஆகணும்னு எழுதியிருக்கு. கிச்சன்லயும் பாத்ரூம்லயும் ஈரக் காத்தை வெளிய தள்ளுற நல்ல ஃபேன், ஜன்னல் மேல சின்ன வென்ட், உள்கதவுக்கு அடியில இடைவெளி. அந்த ஃபேன் சத்தம் போடுது, கரண்ட் இழுக்குதுன்னு நம்ம ஆளுங்க ஸ்விட்சை அணைச்சிடுறாங்க, அணைக்கவே கூடாதுங்க அது.

யார் வந்தாலும் இதைக் கேளுங்க: ட்ரஸ்ட்மார்க் நம்பர் என்ன (அரசாங்கம் அங்கீகரிச்ச தரப் பதிவு அது, வெப்சைட்டுல நீங்களே போட்டுப் பாருங்க, அவன் காட்டுற அட்டையை நம்பாதீங்க), முழு வேலையையும் மேற்பார்வை பாக்குற ரெட்ரோஃபிட் கோஆர்டினேட்டர் யாரு, அவர்கிட்ட நான் நேரா பேசலாமா, ஜன்னல் ஓரத்துக்கும் கூரை சேருற இடத்துக்கும் என்ன பண்ணுவீங்க, வரைபடம் இருக்கா. கோஆர்டினேட்டர் பேரையே சொல்லத் தெரியாத கம்பெனின்னா அங்கேயே நிறுத்திடுங்க.

கரவெட்டி அண்ணே, கம்பெனி மூடினாலும் அந்த கேரண்டி பெரும்பாலும் தனி நிறுவனம் கொடுக்கிறது, சாலிட் வாலுக்கு 25 வருஷம். பேப்பர்ல கொடுத்தவங்க பேரு இருக்கும், இன்ஸ்டாலரை விட்டுட்டு நேரா அவங்களுக்கு எழுதுங்க, ட்ரஸ்ட்மார்க்குக்கும் ஒரு காப்பி. தரை ஓரத்துல மூடின அந்த ஏர் பிரிக்கைப் பத்தி முதல் வரியிலேயே போட்டோவோட சொல்லுங்க, பலகை உளுத்துப்போறது ஆபத்துங்கிறதால அதை அவசரமா எடுப்பாங்க. 2025 ஜனவரில 39 கம்பெனியை சஸ்பெண்ட் பண்ணினாங்க, பிழை உள்ள வீட்டை வீட்டுக்காரங்க காசில்லாமத் திருத்தித் தரணும்னு அரசாங்கமே சொல்லியிருக்கு. விடாதீங்க.

கரவெட்டியான்

நன்றி தம்பி. கேரண்டி பேப்பரில வேற பேர்தான் இருக்கு, நான் இவ்வளவு நாளும் அது கொம்பனியின்ர வேற பேர் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திட்டன். நாளைக்கே படம் எடுத்து அனுப்புறன்.

வாடகை_வீடு_லூஷியம்

இடையில ஒரு கேள்வி, மன்னிக்கோணும். நாங்கள் வாடகைக்கு இருக்கிறம், மூண்டு பிள்ளையள், ஒரு அறையில பேப்பர் உரிஞ்சு விழுற அளவுக்கு ஈரம். மீற்றருக்கு காட் வைச்சு முன்கூட்டியே காசு போடுறனாங்கள், ஜனவரியில கிழமைக்கு 50 பவுண்ட்ஸ் போட்டும் காணேல்லை. வீட்டுக்காரரும் எங்கட ஆள்தான், கேட்டா யன்னலைத் திறந்து விடுங்கோ எண்டுறார். இந்தத் திட்டமெல்லாம் சொந்த வீட்டுக்காரருக்கு மட்டுமோ?

மதுரைக்காரன்_லெஸ்டர்

இல்லைங்க, வாடகை வீட்டுக்கும் உண்டு. ஈகோ 4ல தனியார் வாடகை வீடு ஈ அல்லது அதுக்குக் கீழ இருக்கணும், லோக்கல் கிராண்ட்ல டி-யும் வரும். பெனிஃபிட்டும் வருமானமும் உங்களோடதைத்தான் பாப்பாங்க, வீட்டுக்காரரோடது இல்ல. அவர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். அவர்கிட்டப் பேசும்போது உங்க வீட்டு மதிப்புத்தான் ஏறும்னு சொல்லுங்க, கேப்பாரு.

முதல்ல உங்க அட்ரஸ்க்கு ஈபிசி என்னன்னு அரசாங்க வெப்சைட்டுல பாருங்க, யார் வேணும்னாலும் பாக்கலாம். எஃப் இல்ல ஜி-ன்னு இருந்தா, விலக்குப் பதிவு பண்ணாம அந்த வீட்டை வாடகைக்கு விடுறதே சட்டப்படி தப்பு, 2020ல இருந்து இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் எல்லா வாடகை வீட்டுக்கும் குறைஞ்சது ஈ இருக்கணும். மூணு குழந்தைங்க இருக்கிற வீட்டுல அந்த ஈரத்தைச் சும்மா விடாதீங்க, கவுன்சில்ல என்விரான்மென்டல் ஹெல்த்ங்கிற சுகாதாரப் பிரிவுக்கு எழுதுங்க. ராச்டேல்ல 2020ல ரெண்டு வயசுக் குழந்தை அவாப் இஷாக் பூஞ்சையாலதான் செத்துப்போச்சு, அங்கயும் பெத்தவங்க சொல்லிச் சொல்லித்தான் பாத்தாங்க, வாழ்க்கை முறைதான் காரணம்னு அவங்க மேலயே பழியைப் போட்டாங்க. அந்தக் குழந்தை பேர்ல வந்த சட்டம் 2025 அக்டோபர்ல இருந்து சோஷியல் ஹவுசிங்ல (கவுன்சில், ஹவுசிங் அசோசியேஷன் வீடுகள்) அமலுக்கு வந்திருக்கு. தனியார் வீட்டுக்கு அது இன்னும் வரல, அதனாலதான் நீங்க எழுத்துல புகார் வச்சுக்கணும்னு சொல்றேன்.

பில் உங்க பேர்ல இருந்து பெனிஃபிட்டும் வாங்கினா பில்லுல கழிச்சுத் தர்ற வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் 150 பவுண்டு வந்துச்சான்னும் பாருங்க. ப்ரீபே மீட்டருக்கும் உண்டு. முன்னாடி வீட்டைப் பொறுத்துக் கணக்குப் பாத்து சிலரை ஒதுக்கி விட்டாங்க, 2025 குளிர்காலத்துல இருந்து அந்தக் கணக்கு இல்ல.

கிளாஸ்கோ_கலா

எல்லாரும் பயந்து போயிடக்கூடாது எண்டதுக்காக எழுதுறன். ஸ்கொட்லண்டில இருக்கிற ஆக்கள் ஹோம் எனர்ஜி ஸ்கொட்லண்டுக்கு ஃபோன் எடுங்கோ, அவை வாசலுக்கு வந்து தட்ட மாட்டினம், நாங்கள்தான் எடுக்கோணும். வார்மர் ஹோம்ஸ் ஸ்கொட்லண்ட் திட்டத்தில எங்கட மாமா மாமியின்ர வீட்டுக்கு கூரைக்குக் கீழ லொஃப்டில இன்சுலேசனும் புது ஹீட்டிங்கும் செய்து தந்தவை. பழைய பஞ்சு ரெண்டு அங்குலம்தான் கிடந்தது, தூசு பிடிச்சு கறுத்துப் போய், இப்ப 270 மில்லிமீற்றர், தடிச்ச மெத்தை மாதிரி விரிச்சிருக்கு. மாமி வீட்டுக்குள்ள ரெண்டு கம்பளிச் சட்டைக்கு மேல கோட்டும் போட்டுக்கொண்டு திரியிறவ, இப்ப சீலையோட நிக்கிறா. காத்திருந்தது கனகாலம், ஏழெட்டு மாசம். வந்த பொம்பிளை ஒராள் ஒண்டரை மணித்தியாலம் எல்லா அறையும் பாத்து, மாமிக்கு விளங்கிற மாதிரி ஆறுதலா சொல்லிட்டுத்தான் போனவ.

ஈஸ்ட்ஹாம்_சுதா

எல்லாருக்கும் சரியான நன்றி, குறிப்பா லெஸ்டர் தம்பிக்கு. நடந்ததைச் சொல்லுறன்.

மகனோட றோட்டில நிண்டு சுவரைப் பாத்தன், நீளம் கட்டை நீளம் கட்டை எண்டுதான் இருக்கு. 14 வருசமா இந்த வீட்டில இருக்கிறன், ஒரு நாளும் கண்ணில படேல்லை. மகன் டேப் வைச்சு அளந்தவன், 24 சென்ரிமீற்றர். ஈபிசி தேடினால் 2014ல எடுத்தது, ஈ பேண்ட், பத்து வருசத்தோட அது காலாவதி.

அந்தப் பெடியன் வியாழக்கிழமை திரும்ப வந்தவன். கோஆர்டினேட்டர் ஆர் எண்டு கேட்டன். ஒஃபிசில கேட்டுச் சொல்லுறன் எண்டான். யன்னல் ஓரத்துக்கு என்ன செய்வியள் எண்டு கேட்டன், அது எல்லாம் சேத்துத்தான் எண்டான். ட்ரஸ்ட்மார்க் நம்பரைத் தாங்கோ எண்டன், அதுக்குப் பிறகு அவன் வரேல்லை. பாவம், 20 வயதுகூட இராது, மழைக்குள்ள நனைஞ்சுகொண்டு நிண்டவன், தேத்தண்ணி குடுத்துத்தான் அனுப்பினன்.

கவுன்சிலுக்கு ஃபோன் எடுத்து 40 நிமிசம் லைனில நிண்டு ஒரு மாதிரி ஒரு பொம்பிளையோட கதைச்சிட்டன். ஃபோம் வந்திருக்கு, ஜிபியிட்டயும் அம்மாவுக்கு கடிதம் கேட்டிருக்கிறன். முன்பக்கம் எங்கட தெருவில செங்கல் தெரியோணுமாம், அதால உள்சுவருக்குத்தான் போடச் சொல்லுவினம் போல. அது வரைக்கும் அம்மாவை முன்னறைக்கு மாத்திட்டன், அந்த அறையில பெடியங்கள் படுக்கட்டும்.

ஒரே ஒரு கேள்வி தம்பி. அம்மாவின்ர சாமித்தட்டு அந்த வெளிச்சுவரிலதான் அடிச்சுக் கிடக்கு, ஊரில இருந்து கொண்டு வந்த பித்தளைக் குத்துவிளக்கும் படங்களும், நல்ல பாரம். உள்சுவருக்கு போட் வைச்சா அதைத் திரும்ப அதே இடத்தில அடிக்கலாமோ? அம்மா அதைத்தான் முதல் கேக்கிறா, சூட்டைப் பற்றிக் கேக்கேல்லை.

மதுரைக்காரன்_லெஸ்டர்

அடிக்கலாம் அக்கா. ஆனா வேலை முடிஞ்சப்புறம் போர்டுல நேரா ஆணி அடிச்சா பாரம் தாங்காது, உள்ள ஈரம் தடுக்க ஒட்டியிருக்கிற தாளும் கிழிஞ்சிடும். அசெஸ்மென்டுக்கு வர்ற ஆள்கிட்டயே தட்டு எங்க வேணும், எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம்னு சொல்லி எழுத வச்சிடுங்க, போர்டு போடும்போதே அந்த இடத்துல பின்னாடி மரச்சட்டம் வச்சுக் கொடுப்பாங்க. ரேடியேட்டருக்கும் கிச்சன் கப்போர்டுக்கும் அப்படித்தான் வைக்கிறது. சுவர் ஒரு ஆறேழு சென்டிமீட்டராவது முன்னாடி வரும், பத்து வந்தாலும் வரலாம், அலுமாரி அந்த மூலையில திரும்பவும் பொருந்துமான்னு இப்பவே அளந்து பாத்துக்கங்க. பொருந்தினாலும் சுவரோட ஒட்டி வைக்காம நாலு விரல் இடைவெளி விட்டு வைங்க.

இப்ப இருக்கிற பூஞ்சையை காஞ்ச துணியால தட்டாதீங்க, ஆஸ்மாக்காரங்க இருக்கிற வீட்டுல அது பறந்து மூச்சுல போயிடும். பூஞ்சைக்குன்னு விக்கிற கிளீனரை நனைச்சுத் துடைச்சு, அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுடுங்க, அம்மா அப்ப வேற அறையில இருக்கட்டும். துடைக்கிறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வச்சுக்கங்க, தேதியோட. சாமித்தட்டையும் ஒரு போட்டோ எடுத்து அந்த ஃபார்ம் கூடவே அனுப்பிடுங்க.